அரை நூல் இடப்பக்கம்

மூன்று நாளாக நம் பள்ளிக் குழுவில் கத்தியைத் தவிர வேறு பேச்சில்லை. மாடித் தோட்டக்காரி ஆன்லைனில் ஒரு மடக்குக் கத்தி வாங்கியிருக்கிறாள். மடக்கினால் அலகு பிடியின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதாம். அதைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ‘வைத்துக்கொள்ளவா, திருப்பி அனுப்பவா’ என்று கேட்டாள். அவ்வளவுதான். ‘வெட்டுகிறதா இல்லையா, அதைச் சொல்’ என்றாள் கணக்கு டீச்சர். ‘காசு கொடுத்து வாங்குவதை ஏன் கோணலாக வாங்க வேண்டும்’ என்றாள் வங்கிக்காரி. அறுபதைத் தாண்டிய பெண்கள், பேரப்பிள்ளைகள் படத்தைக்கூட மறந்துவிட்டு அடித்துக்கொள்கிறீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ‘எங்கேடி போனாய்’ என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். எங்கும் போகவில்லை. உங்கள் எல்லோரையும்விட இந்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எரிச்சலில்தான் சும்மா இருந்தேன். நாம் ஏழாவது முடித்த கோடை விடுமுறையில் என் அக்காவின் கல்யாணம் பேசி முடித்து, பிறகு நின்றுபோனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கு ‘ஜாதகம்’ என்று சொல்லச் சொல்லி அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஜாதகம் இல்லை. ஒரு மடக்குக் கத்தி.

அப்போது செம்மண்டலத்தில் இருந்தோம். அப்பா துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். சாயங்காலம் அவர் வரும்போது டீசல் வாசனை முதலில் வரும், அதன் பின்னால் மீன் வாசனை வரும், அப்புறம்தான் அவர் வருவார். கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அவர்கள் நூல் என்பார்கள். தோசை தடிமனாக இருந்தால் ‘ஒரு நூல் ஜாஸ்தி’ என்பார். என் பாவாடை விளிம்பு ஏறி இறங்கியிருந்தால் தையல்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் சொன்ன அளவு தப்பாகிப் போனதை நான் பார்த்ததில்லை. அதுதான் எங்கள் கஷ்டம்.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தார். அரசாங்க அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிற வேலை. பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா சமைக்கத் தெரியுமா என்று மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு, அவர் மட்டும், “டைப் ஹையர் எப்ப எழுதப் போறீங்க?” என்று கேட்டார். அக்கா அப்போது டைப் கிளாசில் ஹையர் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே தாளம் போட்டாள். வெறும் தாளம் இல்லை, டைப் அடிக்கிற தாளம். பத்து விரலும் டம்ளர் மேல் ஓடின.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மஞ்சள் பூசிய நேரத்திலிருந்து தாலி கட்டுகிற வரைக்கும் மாப்பிள்ளை கையில் இரும்பு இருக்க வேண்டும் அல்லவா? இப்போதும் மண்டபங்களில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தியோடு கோட்டு போட்ட பையன்கள் நிற்கிறார்கள். எங்கள் வீட்டு வழக்கத்தில் அந்தக் கத்தியைப் பெண்ணின் அப்பா வாங்கித் தர வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று அது சீர்த்தட்டில் இருக்கும். மாப்பிள்ளையின் தாய்மாமன் எடுத்து ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்து, சரி என்று வாங்கிக்கொள்வார்.

நீட்டுக் கத்தி இடுப்பில் குத்தும் என்று அப்பா மடக்குக் கத்தி வாங்கினார். முதுநகர் கடைத்தெருவில் பத்துக் கத்தி பார்த்து ஒன்றைப் பொறுக்கினார். பித்தளைப் பிடி, உள்ளங்கை நீளம். வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் போல ஆக்கினார். உள்ளே சிவப்புத் துணி ஒட்டிய தகரப் பெட்டி ஒன்றும் தேடிப் பிடித்தார். அலகைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை பார்த்தார். மடக்கிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. பண்ருட்டிப் பலாப்பழம் இரண்டு உரித்து, வீடே மணத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சிதம்பரத்தில் ஒரு நகைக்கடையில் எடை போடுகிறவர். முப்பது வருஷமாகத் தராசு முள்ளையே பார்த்த கண். கத்தியைத் திறந்தார், எலுமிச்சம்பழத்தை அறுத்தார். இரண்டு பாதியும் சத்தமில்லாமல் விழுந்தன. “நல்லா இருக்குது” என்றார். பிறகு மடக்கினார். மடக்கியதை மேலிருந்து பார்த்தார்.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல நிக்கலையே. எடது பக்கமா ஒதுங்குது பாருங்க.”

அப்பா வாங்கிப் பார்த்தார். “ஆமா, அரை நூலு. அதுனால ஒண்ணும் இல்லீங்க. தொறந்தா நேரா நிக்குது, வெட்டறது நேரா வெட்டுது. மடக்குனா அது தூங்கற நேரம். தூங்கறப்ப எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா என்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமனும் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். “எங்க கடைல முள்ளு நடுவுல நிக்கலன்னா கஸ்டமர் எழுந்து போயிடுவாங்க. எனக்குக் கண்ணு அப்படியே பழகிடுச்சி. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. வேற ஒண்ணு மாத்திக் குடுத்துடுங்க, வேலை முடிஞ்சிது” என்று கத்தியைத் தட்டில் திருப்பி வைத்தார். குரலில் கோபம் இல்லை. ‘இந்தச் சட்டையில் ஒரு பொத்தான் குறைகிறது’ என்று கடையில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்பா கத்தியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த அம்மா, பலாச்சுளைத் தட்டை அவசரமாக நீட்டினாள்.

இவ்வளவுதான் நடந்தது. கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு கத்தி வாங்கி வர முக்கால் மணி நேரம் ஆகும், பஸ்ஸுக்கு நிற்பதையும் சேர்த்து.

அப்பா போகவில்லை. “கொறை இல்லாத சாமானை எதுக்கு மாத்தணும்? மாத்துனா கொறை இருந்துச்சின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கத்திக் கச்சேரி ஆரம்பித்தது. யார் வந்தாலும் கத்தி வெளியே வரும். பால்காரருக்குக் கயிறு அறுத்துக் காட்டினார். மீட்டர் பார்க்க வந்தவருக்கு மாங்காய் சீவிக் கொடுத்தார். “எங்கியாவது வளைஞ்சு போச்சா? சொல்லுங்க” என்பார். அவர்கள் இல்லை என்பார்கள். இல்லைதான், வளையவில்லை.

உள்ளே ரிவிட் என்கிற ஒரு ஆணியில்தான் அலகு நிற்கிறது, அது துளி இறுகலாகவோ தளர்வாகவோ இருந்தால் மடக்கும்போது ஒரு பக்கம் சாயும், கூர் பித்தளையில் உரசாதவரை அதனால் கெடுதல் இல்லை. இது அப்பாவின் பாடம். எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உரசவில்லை என்று காட்ட, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுப்பார். தடையில்லாமல் வரும். அதற்கு அவர் கையில் அகப்பட்டது அக்காவின் டைப் பயிற்சித் தாள்கள். காகிதம் வெட்டிக் காட்டவும் அதே தாள்கள்தான். கூடம் முழுக்க பாதி வார்த்தைகள் அச்சடித்த காகிதப் பட்டைகள் கிடக்கும். அக்கா தினமும் பொறுக்கி அடுக்கி வைப்பாள். ஒருநாள், “அது நாளைக்கு மாஸ்டர்கிட்ட காட்ட வேண்டியதுப்பா” என்றாள். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டாக அறுத்து, “பாத்தியா, நூல் புடிச்ச மாதிரி” என்றார்.

அம்மா கெஞ்சினாள். “ஒரு கத்தி தானங்க. அவுங்க வேற எதுனா கேட்டாங்களா? நகை கேட்டாங்களா, வண்டி கேட்டாங்களா?”

“நகை கேட்டா நகை குடுப்பேன். தப்பை ஒத்துக்கன்னு கேக்கறாங்க. பண்ணாத தப்பை எப்படி ஒத்துக்கறது?”

அப்போது எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கடிதம். மாப்பிள்ளை எழுதியிருந்தார். படம் வரைகிறவர் கையெழுத்து, அளந்து வைத்த மாதிரி. நான் எட்டாவதுக்குப் போகிறேனா, ஆனித் தேருக்குச் சிதம்பரம் வருவோமா என்று இரண்டு வரி எனக்கு. மீதியெல்லாம் யாருக்கு என்று பன்னிரண்டு வயதுக்குக்கூடப் புரிந்தது. அக்கா ஹையருக்கு நன்றாகத் தயாராகிறார்களா, கல்யாணத்துக்குப் பிறகும் கிளாசுக்குப் போக நான்கு தெரு தள்ளி இன்ஸ்டிட்யூட் இருக்கிறது என்றெல்லாம். கடைசியில், ‘கத்தியைப் பற்றி அப்பா வருத்தப்பட வேண்டாம் என்று சொல். எனக்கு அதே கத்தி போதும்’ என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை அப்பாவிடம் காட்டியிருந்தால் போதும். அக்கா காட்டலாம் என்றாள். அம்மா பயந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பையன் கடிதம் எழுதுகிறான் என்று அப்பா வேறு பக்கம் குதிப்பார் என்று கணக்குப் போட்டு, கடிதத்தை அரிசி டின்னுக்குள் செருகினாள். பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. தேடாத இடமில்லை.

ஆனி பிறந்து பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று. ஒரு சனிக்கிழமை அப்பா கத்தியை ரேடியோ மேல் மறந்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். அக்கா அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். “வாடி” என்றாள். மெயின் ரோட்டு முனையில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாயில் இருந்த வால்வு டியூபை எடுத்துவிட்டு, கத்தியை மடக்கிப் பார்த்தார். ஒரு இரும்புக் கட்டை மேல் படுக்க வைத்து, ரிவிட் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். திருப்பிப் போட்டு இன்னொரு தட்டு. மடக்கினார். அலகு சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது.

“இதுக்கா இவ்ளோ தூரம் வெயில்ல வந்தீங்க?” என்றார்.

வருகிற வழியெல்லாம் அக்கா அதைத் திறந்தாள், மடக்கினாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். மரத்தடியில் நின்று இரண்டு பேரும் தலை முட்டப் பார்த்தோம். அலகுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருட்டு. அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் தொற்றிக்கொண்டு, காரணமே இல்லாமல் வீடு வரை சிரித்துக்கொண்டு வந்தோம்.

அப்பா வந்தபோது மின்சாரம் போயிருந்தது. கை கழுவிவிட்டு வந்தவரிடம் அக்கா கத்தியை நீட்டினாள். “இப்ப நடுவுல வந்துடுச்சிப்பா. இதையே குடுத்துடலாம். கத்தியும் மாத்தல, அவுங்க கேட்டதும் ஆச்சு.”

அவர் வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“யாரு தொட்டது?”

“சைக்கிள் கடைல. ரெண்டே தட்டு தான்பா.”

“அப்ப இத்தன நாளு இது கோணலா இருந்துச்சின்னு நீயும் சொல்ற.”

“நான் எங்கப்பா சொன்னேன்?”

“சொன்னாத்தானா? சரி பண்ணியிருக்கியே.”

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். துவைக்கிற கல்லின் ஓரத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ் ஒன்று பொருத்தி வைத்திருந்தார். கத்திப் பிடியில் துணி சுற்றி அதில் இறுக்கினார். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. “வெளிச்சம் பத்தல. டார்ச்ச புடி” என்றார் அக்காவிடம். அக்கா டார்ச்சை எடுத்து வந்து பிடித்தாள். அப்பா ரிவிட்டை மறுபக்கத்திலிருந்து தட்டினார். மடக்கிப் பார்த்தார், போதவில்லை. அலகைத் துணியோடு பிடித்து இடப்பக்கம் நெட்டினார். மறுபடி தட்டினார். சைக்கிள் கடைக்காரர் இரண்டு தட்டில் செய்ததை இவர் அரை மணி நேரம் கலைத்தார். அவசரமே இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டு, பழைய அரை நூல் வருகிற வரைக்கும் விடவில்லை. என் காலைக் கொசு பிய்த்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று, “வுடுங்க, வேணாங்க” என்று ஒரு முறை சொன்னாள், இரண்டாவது முறை சொல்லவில்லை. அக்காவின் கை மட்டும் ஆடவே இல்லை.

“இதான் நான் வாங்குன கத்தி” என்று அப்பா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேலை அவ்வளவு சுத்தம். நடுவில் நின்ற கத்தி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனித் தேரன்று நாங்கள் சிதம்பரம் போனோம். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று அவளை விட்டுவிட்டுப் போனோம். தேர் கீழவீதி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, தரையெல்லாம் தண்ணீர் தெளித்துச் சேறு. கூட்டத்தில் நீந்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் அங்கே மோர், பானகம், உறவுக்காரர்கள். அப்பா உட்கார்ந்ததும் தகரப் பெட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

தாய்மாமன் திறந்தார், மடக்கினார், பார்த்தார். “அதே கத்தி தானங்க இது?”

“அதே தான். அதுல ஒண்ணும் இல்லன்னு காட்டத்தான் கொண்டாந்திருக்கேன். ஒரு பேப்பர் குடுங்க.”

“பேப்பர்லாம் எதுக்கு? மாத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேன். ஒண்ணரை மாசம் ஆவுது. ஒரு கத்தி மாத்த மனசு வராதவருகிட்ட நாளைக்கு ஒரு நல்லது கெட்டது எப்படிப் பேசறது?”

“நீங்க தராசுலயே ஒக்காந்தவரு. இரும்பு பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க.”

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசியதை எழுதி என்ன பயன்? மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். அவர் சத்தம் போடவில்லை. “மாமா, எனக்கு இதே இருக்கட்டும். இப்படிக் குடுங்க” என்று அப்பாவிடம் கையை நீட்டினார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கை எவ்வளவு அருகில் இருந்தது என்று எனக்குத் தெரியும். விரல் நுனியில் கறுப்பு மைக் கறை. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தாய்மாமனையே பார்த்துக்கொண்டு கத்தியைத் தகரப் பெட்டிக்குள் வைத்து அம்மாவின் பையில் போட்டார், செருப்பைத் தேடினார். நீட்டிய கையை மாப்பிள்ளை எப்போது மடக்கினார் என்று நான் பார்க்கவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ்ஸில் புதுச்சத்திரம் வருகிற வரைக்கும் அப்பா அம்மாவிடம் ரிவிட்டைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கு அந்த வயதில் யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது, யாரை என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா எங்கள் கைகளைத்தான் பார்த்தாள். தகரப் பெட்டி அம்மாவின் பையில் துருத்திக்கொண்டிருந்தது. பிறகு சோறு போட எழுந்து போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவைத் திட்டக்குடியில் கொடுத்தார்கள். அவளைக் கட்டிய மாமா நல்லவர்தான், கரும்பு போட்டார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அந்தக் கல்யாணத்துக்கு அவர்களே நீட்டுக் கத்தி கொண்டுவந்துவிட்டார்கள், அப்பாவுக்கு வேலையில்லை. அக்காவின் டைப் ஹையர் சான்றிதழ் அவள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. அங்கே டைப் மிஷின் ஏது?

அப்பா போன பிறகு கத்தி என்னிடம் வந்தது. இத்தனை வருஷமாக என் சமையலறையில் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட மேசை மேல்தான் இருக்கிறது. மாடித் தோட்டக்காரியே, உனக்கு என் பதில் இது: அலகு ஒதுங்கி நிற்பதால் ஒரு கெடுதலும் இல்லை. உரசுகிறதா என்று காகிதம் விட்டு இழுத்துப் பார். உரசவில்லை என்றால் உன் காலம் முழுக்க வெட்டும். கணக்கு டீச்சர் சொல்வது சரி, அப்பா சொன்னதும் சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வங்கிக்காரி மாற்று என்று இவ்வளவு சொல்கிறாளே, மாற்றிவிட்டுப் போயேன்.

போன சித்திரையில் அக்கா வந்து ஒரு வாரம் இருந்தாள். எழுபதை நெருங்குகிறாள், விரல் மூட்டெல்லாம் வீக்கம். மாங்காய் அறுக்கக் கத்தி கேட்டாள். நான் யோசிக்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அது எந்தக் கத்தி என்று நினைவு வந்தது. அவள் சாதாரணமாகத் திறந்து கீற்றுக் கீற்றாக அறுத்தாள். மாங்காயும் உப்பும் மிளகாய்த்தூளுமாக இரண்டு பேரும் தின்றோம். இத்தனை காலம் கேட்காததை அன்று கேட்டேன்.

“அன்னிக்கு அப்பா அதை மறுபடி கோணல் பண்றப்ப டார்ச்ச ஏங்க்கா புடிச்ச? தூக்கி எறிஞ்சிட்டு உள்ள போயிருக்கலாம்ல?”

அக்கா கத்தியை முந்தானையில் துடைத்து மடக்கினாள். மேலிருந்து பார்க்கவில்லை.

“நடுவுல இருந்துச்சில்லடி அப்ப? எவ்ளோ சரியா இருக்குதுன்னு கிட்ட வச்சு நல்லாப் பாக்கட்டும்னு தான் புடிச்சேன். பாத்தா வுட்டுடுவாருன்னு நெனச்சேன்.”